யானையை வாங்கிவிடலாம், தீனி போட முடியுமா?

புதுக் காரின் விலையில் கால் பங்கு கொடுத்தால் போதும். 507 குதிரைச் சக்தி உள்ள கார் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்!

இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஜெர்மனியிலும், இங்கிலாந்திலும், அமெரிக்காவிலும் பலருக்கு இந்த ஆசை வந்தது. கையில் இருந்த சேமிப்பைக் கொடுத்து அந்தக் காரை வாங்கினார்கள். மகிழ்ச்சி அடைந்தவர்களும் உண்டு. கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு.

அந்தக் காரின் பெயர், பி.எம்.டபிள்யூ. எம்-5.

பந்தயக் குதிரை

ஜெர்மனியில் பவேரியா என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே டிங்கோல்பிங் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் இந்தக் கார் தயாரானது. 2005-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. 2010-ம் ஆண்டு உற்பத்தி நின்றது. மொத்தம் சுமார் 20 ஆயிரம் கார்களே வெளிவந்தன.

பார்ப்பதற்கு இது சாதாரணக் குடும்பக் கார்தான். நான்கு கதவுகள் உண்டு. அப்பா, அம்மா, பிள்ளைகள் வசதியாக உட்காரலாம். பின்னால் பெட்டி படுக்கை வைக்கலாம்.

ஆனால், முன் மூடியைத் திறந்தால் கதையே வேறு!

உள்ளே 5 லிட்டர் என்ஜின். அதில் 10 சிலிண்டர்கள். அந்தக் காலத்தில் இதே கம்பெனி, "பார்முலா-1" பந்தயக் கார்களுக்கும் 10 சிலிண்டர் என்ஜின் செய்துகொண்டிருந்தது. அந்தப் பெருமையைத் தெருவில் ஓடும் காருக்கும் கொண்டுவந்தார்கள்.

நின்ற இடத்தில் இருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4.7 வினாடி போதும். 250 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதபடி கம்பெனியே கடிவாளம் போட்டது.

வண்டியைக் கிளப்பியதும் 400 குதிரைச் சக்திதான் வேலை செய்யும். ஒரு பொத்தானை அழுத்தினால், மீதி 107 குதிரைகளும் விழித்துக்கொள்ளும்!

விலை ஏன் இறங்கியது?

அமெரிக்காவில் புதிதாக விற்றபோது இதன் விலை 80 ஆயிரம் டாலருக்கு மேல். பணக்காரர்கள் வாங்கினார்கள். சில ஆண்டு ஓட்டிவிட்டு விற்றார்கள். இரண்டாவது ஆள் வாங்கினார். பிறகு மூன்றாவது ஆள். கை மாற மாற விலை இறங்கியது. கடைசியில் கால் பங்கு விலைக்கே பல வண்டிகள் போயின.

விலை இறங்கியது. செலவு இறங்கியதா? இல்லை!

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பழைய காரின் விலைதான் பழைய விலை. அதன் உதிரிப் பாகங்களுக்குப் புதுக் காரின் விலைதான். மெக்கானிக்கின் கூலியும் அப்படியே. "இது பழைய வண்டி, பாதிக் கூலி போதும்" என்று எந்தப் பட்டறையிலும் சொல்வதில்லை.

எங்கே தேய்கிறது?

மாட்டு வண்டியின் அச்சுக்கு மை போடாவிட்டால் என்ன ஆகும்? அச்சும் தேயும், சக்கரமும் தேயும். இந்த என்ஜினில் நடப்பதும் அதுதான்.

என்ஜினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. அவற்றை இணைத்திருக்கும் தண்டுகள், நடு அச்சைச் சுழற்றுகின்றன. தண்டும் அச்சும் சேரும் இடத்தில் மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. இவற்றுக்கு "பேரிங்" என்று பெயர். தகட்டுக்கும் அச்சுக்கும் நடுவே, தலைமயிரை விட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஓட வேண்டும்.

இந்த என்ஜின் நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை சுற்றும். அதாவது, ஒரு வினாடிக்கு 137 சுற்று! எண்ணெய்ப் படலம் கொஞ்சம் விலகினாலும் தகடு தேயும். தேய்ந்து முடிந்தால் என்ஜினே போய்விடும். வேறு என்ஜின் போட வேண்டும் என்றால், அந்தச் செலவு கார் வாங்கிய விலையையே எட்டிவிடலாம்.

ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் சத்தம் வரும்வரை காத்திருப்பதில்லை. சுமார் 1 லட்சம் கிலோமீட்டர் ஓடியதும் 10 தண்டுகளின் தகடுகளையும் மாற்றிவிடுகிறார்கள். அதற்கே ஆயிரக்கணக்கில் யூரோ செலவாகிறது.

அதோடு போகுமா? காற்று வரும் வழியைத் திறந்து மூடும் சிறு மோட்டார்கள் இரண்டு உண்டு. அவற்றின் பல் சக்கரங்கள் தேயும். வால்வுகளின் நேரத்தை மாற்றும் கருவி, மிகுந்த எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. அதன் குழாயும் பம்பும் பழுதாகும். கியரை மாற்றும் கருவிக்குத் தனியாக ஒரு பம்பு. அதுவும் படுத்துவிடும். கிளட்சும் தேயும்.

ஓடினாலும் செலவு, நின்றாலும் செலவு

இந்த வண்டி 100 கிலோமீட்டர் ஓட 14.8 லிட்டர் பெட்ரோல் வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. ஆண்டுக்கு 15 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் 2,220 லிட்டர் ஆகும். இதே உருவத்தில் வந்த சிறிய டீசல் காருக்கு இதில் பாதிகூடத் தேவை இல்லை.

எண்ணெய் மாற்றினால் 9 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும். அதுவும் தனி ரக எண்ணெய்.

ஜெர்மனியில் 2009-ம் ஆண்டு ஜூலைக்கு முன்பு பதிவான வண்டிகளுக்கு என்ஜினின் அளவைப் பார்த்து வரி போடுகிறார்கள். அப்படிப் பதிவான இந்தக் காருக்கு ஆண்டுக்கு 337 யூரோ. இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை. 2006-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி முதல் பதிவான வண்டிகளுக்குப் புகை அதிகம் என்று வரியும் அதிகம். அதற்கு முன்பு பதிவான அதே காருக்கு ஆண்டுக்கு 300 பவுனுக்கு மேல் குறைவு. வாங்குகிறவர் பதிவுத் தேதியைக்கூடப் பார்க்க வேண்டும்!

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இங்கே அது தலைகீழ். ஓடினாலும் செலவு, நின்றாலும் செலவு!

ஒரு குடும்பத்தின் கணக்கு

மூனிக் நகரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 ஆயிரம் யூரோ சேர்த்து வைத்திருக்கிறார்கள். காரின் விலையும் 20 ஆயிரம் யூரோ. குடும்பத் தலைவர் முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கிவிடுகிறார். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம்.

மூன்றாவது மாதம் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. பட்டறைக்காரர் பட்டியலை நீட்டுகிறார். கையில் காசு இல்லை. கடன் வாங்கலாம். அல்லது, வந்த விலைக்கு விற்கலாம். இரண்டும் இல்லையென்றால், பழுதோடு ஓட்டி என்ஜினைப் பறிகொடுக்கலாம். மூன்றிலும் நஷ்டம் யாருக்கு? பிள்ளைகளின் படிப்புக்கும், குடும்பத்தின் விடுமுறைக்கும் வைத்திருந்த பணம்தான் போகும்.

இது காரின் குற்றமா? அப்படிச் சொல்ல முடியாது. இது அருமையான இயந்திரம். குளிர்ந்த என்ஜினை விரட்டக்கூடாது என்பதற்காக, என்ஜினின் சுற்றைக் காட்டும் முள்ளின் அருகே விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் சூடாகச் சூடாக, விளக்குகள் ஒவ்வொன்றாக வழிவிடும். செய்தவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். முந்தைய சொந்தக்காரர் கேட்டாரா என்பதுதான் கேள்வி!

விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. பேரிங் மாற்றியதா, இல்லையா என்பதை மறைத்து விற்பது, ஓட்டைப் படகைத் தெரிந்தே விற்பதற்குச் சமம்.

என்ன செய்யலாம்?

ஆசை இருப்பவர் வாங்கட்டும். ஆனால், விலையில் பாதியளவு பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்கட்டும். அந்தப் பணம் இல்லை என்றால், கார் வாங்கும் பணமும் இல்லை என்றே அர்த்தம்.

பழைய ரசீதுகளைக் கேட்க வேண்டும். முதல் 2 ஆயிரம் கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றியதில் இருந்து பார்க்க வேண்டும். இந்த என்ஜினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். சோதனைக்குச் சம்மதிக்காதவரிடம் வாங்கவே கூடாது.

இதே உருவத்தில், 6 சிலிண்டர் என்ஜினுடன் வந்த கார்களும் இருக்கின்றன. அவையும் அதே நான்கு பேரை, அதே ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். சில நிமிடம் தாமதம் ஆகலாம். அதனால் எந்தக் குடும்பமும் கெட்டுவிடாது.

மலிவு என்பது விலைச் சீட்டில் இல்லை. வாங்கிய பிறகு நிம்மதியாகத் தூங்க முடிகிறதா? அதுதான் மலிவு!