வாழைப்பழத் தட்டு

சமையலறைச் செய்தியை இலக்கியப் பகுதிக்குக் கொண்டுவருகிறானே என்று அன்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நெடுங்காலம் வகுப்பறையிலே தமிழ் கற்பித்த ஒருவன், ஓய்வுபெற்றபின் கோதுமை மாவையும் தோடம்பழத் தோலையும் பற்றி எழுதத் தொடங்கினால் அப்படி எண்ணுவது இயல்பே. ஆயினும் ஒரு வீட்டின் அறம் அதன் நூலடுக்கிலே தெரிவதைவிட அடுப்படியிலேதான் அதிகம் தெரிகின்றது என்பதை நான் வயது சென்ற பின்னர்க் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தைப் புகட்டியது, முட்டையும் பாலும் சேராத ஒரு சிறு கேக்கு. மஃபின் என்று ஆங்கிலேயர் வழங்கும் அக் கிண்ணக் கேக்கைக் குறித்தே இங்குச் சில சொல்ல விழைகிறேன்.

வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடிக் குடியிருப்பிலே வாழ்பவர்கள் நாங்கள். 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வுக்குப் பின்னர், 1996இலே, என் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். அவர் பழுத்த சைவர். மச்சமும் முட்டையும் தொடாதவர். எங்கள் பிள்ளைகளின் பிறந்தநாள் வந்தால் கேக்கு வாங்குவோம். மெழுகுதிரி ஏற்றி, பாட்டுப் பாடி, வெட்டிப் பங்கிடுவோம். எல்லார் கையிலும் ஒவ்வொரு துண்டு இருக்கும். அம்மாவுக்கு மட்டும் வேறொரு தட்டிலே இரண்டு கதலி வாழைப்பழம் வைப்போம்.

"எனக்கு வேண்டாம் அப்பன், நீங்கள் சாப்பிடுங்கோ" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்களும் அதனை அவர் விருப்பமென்றே கொண்டோம். அவருடைய ஆசாரத்தைப் பேணுகிறோம் என்ற பெருமையும் எங்களுக்கு இருந்தது. இப்படியே இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தன. எத்தனை பிறந்தநாள், எத்தனை வாழைப்பழம்! அந்தத் தட்டைப் பற்றி ஒருநாளாவது நான் நின்று நினைத்ததில்லை.

பிறகு நாட்டிலே தட்டுப்பாடு வந்தது. 2022ஆம் ஆண்டினை இலங்கையிலே வாழ்ந்தவர் எவரும் மறவார். எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் வரிசையிலே நின்ற கால்கள் அவ்வாண்டைச் சொல்லும். கோழித்தீன் விலை ஏறியது. பண்ணைகள் பல மூடப்பட்டன. ஆகஸ்டிலே அரசு முட்டைக்கு உச்ச விலை விதித்தது. விலை கட்டாது என்றார்கள் பண்ணையாளர். முட்டை கடைகளிலே அருமையாயிற்று. 2023 மார்ச்சிலே இந்தியாவிலிருந்து முட்டையைக் கப்பலேற்றி வருவிக்கும் நிலை ஏற்பட்டதும், அது முதலிலே பேக்கரிகளுக்கே வழங்கப்பட்டதும் வாசகர் அறிந்தவையே. அவற்றுக்கிடையில் வந்த நத்தாரைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

கொட்டாஞ்சேனையிலே, புனித லூசியாள் பேராலயத்துக்கு அண்மையில், என்னோடு ஒரே பாடசாலையிற் கற்பித்த ஆசிரியை ஒருவர் வாழ்கிறார். கத்தோலிக்கர். ஆண்டுதோறும் நத்தாருக்கு மறுநாள் எங்கள் வீட்டுக்குக் கேக்குக் கொண்டுவருவார். அம்மாவுக்கென்று வாழைப்பழச் சீப்பொன்றும் கொண்டுவருவார். அவருக்கும் எங்கள் வழக்கம் பழகிப்போயிற்று. 2022 நத்தாரன்று அவருக்கு முட்டை அகப்படவில்லை. பட்டரின் விலையோ எட்டாதது. ஆகவே தேங்காய்ப்பாலும் தோடம்பழமும் தேசிக்காயும் சேர்த்துப் பன்னிரண்டு சிறு கேக்குகள் சுட்டுத் தகரப் பெட்டியிலே அடுக்கி வந்தார். வழியிலேதான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாம்.

"அம்மா, இந்த முறை முட்டையும் இல்லை, பட்டரும் இல்லை. நீங்களும் சாப்பிடலாம்."

அம்மா பெட்டியைப் பார்த்தார். மீன் வேகும் அடுப்படியிலே சமைத்த எதனையும் அவர் அதுவரை வாயில் வைத்ததில்லை. நான் உள்ளூர அஞ்சினேன். அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "பாத்திரம் நல்லாய்க் கழுவினதுதானே, பிள்ளை?"

"நானே கழுவினனான், அம்மா. சுட்டது புதுக் கடதாசிக் கிண்ணத்திலே."

அம்மா ஒன்றை எடுத்து, பிட்டு, வாயிலிட்டார். சிறிதுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து, "இவ்வளவு காலமும் உதைத்தானோ நீங்கள் எல்லாரும் சாப்பிட்டனீங்கள்?" என்றார்.

அதிலே குற்றச்சாட்டு இல்லை. குழந்தையின் வியப்பே இருந்தது. ஆயினும் அந்த வினா என்னை இன்றளவும் விட்டபாடில்லை. முட்டையில்லாமற் கேக்குச் செய்யலாம் என்பது எனக்குத் தெரியாததன்று. கேட்டிருந்தாற் சொல்லித்தரப் பலர் இருந்தனர். நான் கேட்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக எங்கள் பாசம் செய்யாத ஒன்றை ஒரு தட்டுப்பாடு செய்துவிட்டது. இதைவிட ஒரு மகனுக்கு நாணத்தக்கது வேறென்ன?

இவ்விடத்திலே தமிழறிந்தார் கவனிக்கத்தக்க செய்தியொன்று உண்டு. திருக்குறளிலே, பரிமேலழகர் கொண்ட முறைப்படி, விருந்தோம்பல் இல்லறவியலிலே ஒன்பதாம் அதிகாரமாகவும், புலான்மறுத்தல் துறவறவியலிலே இருபத்தாறாம் அதிகாரமாகவும் நிற்கின்றன. புலால் உண்ணாமை உயர்ந்த நோன்பு என்பதிலே ஐயமில்லை. ஆனால் வீட்டிலிருந்து வாழ்பவனுக்கு முதலில் விதிக்கப்பட்ட கடமை, வந்தாரை முகமலர்ந்து ஊட்டுதல். வந்த விருந்தினரின் நோன்பு எதுவாயினும் அதற்கு இடங்கொடுக்கும் உணவைச் சமைப்பது இல்லறத்தானுடைய பொறுப்பு. வேறு தட்டு வைத்துவிட்டால் அப்பொறுப்பு நீங்கியதென்று நாம் நினைக்கிறோம். எனக்கோ, வேறு தட்டு என்பது மரியாதை என்னும் பெயரிலே செய்யும் ஒதுக்கல் என்றே இப்பொழுது தோன்றுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. சைவ உணவு நம்மிடையே அறமாக மாத்திரம் இருந்ததில்லை, மதிலாகவும் இருந்திருக்கிறது. இன்னார் வீட்டிலே கைநனையோம், இன்னார் தந்த தண்ணீரைக் குடியோம் என்ற கொடுமைக்கு ஆசாரம் போர்வையாயிற்று. 1930ஐ அண்டிய ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமாசனமும் சமபோசனமும் வேண்டுமென்று போராட நேர்ந்தது ஏன்? ஒரே வாங்கிலே இருப்பதும் ஒரே பந்தியிலே உண்பதும் அன்று மறுக்கப்பட்டன அல்லவா? என் தாயார் அந்த உலகத்திலே பிறந்தவர். ஆகவே அன்று அவர் அந்தக் கேக்கை வாயிலிட்டபொழுது, கொட்டாஞ்சேனைத் தோழி முட்டையை விட்டதுபோலவே, அம்மாவும் ஒன்றை விட்டார். விருந்து என்பது இருவர் எதிரெதிராக நடந்து வந்து சந்திக்கும் இடம். ஒருவர் மாத்திரம் நடந்தாற் போதாது.

இனி, இது அந்நிய நாகரிகம் என்பார்க்கு ஒரு சொல். மோதகமும் பயற்றம் பணியாரமும் இருக்க, வெள்ளைக்காரனுடைய கிண்ணக் கேக்கு நமக்கெதற்கு என்று நண்பரொருவர் கேட்டார். அவருடைய காலையுணவு பாணும் சம்பலும். பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயர் தந்தது. சம்பலுக்குச் சிவப்பேற்றும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. மறுதலையாக, ஆங்கிலேயர் தோடம்பழத்தைக் குறிக்கும் 'ஒறேஞ்' என்ற பெயர் வடமொழி 'நாரங்க' வழியாகச் சென்றது. அதன் வேர் நம்முடைய நாரத்தையோடு உறவுடைய திராவிடச் சொல் என்பது மொழிநூலார் பலர் கருத்து. ஆகவே தோடம்பழக் கேக்கிலே எது அந்நியம், எது நமது என்று பிரிக்கப் புகுவார் மிகவும் இடர்ப்படுவர்.

முட்டையும் பாலும் நீக்கிச் சுடுவதும் புதுமையன்று. இடைக்கால ஐரோப்பாவிலே கிறித்தவர் தவக்காலத்தில் ஊனோடு முட்டையையும் பாலையும் விலக்கினர். எத்தியோப்பியத் திருச்சபையினர் இன்றும் அவ்வாறே நோன்பிருக்கின்றனர். முதலாம் உலகப் போர்க்காலத்திலே அமெரிக்க இல்லத்தரசியர் பாலும் வெண்ணெயும் முட்டையும் இல்லாத கேக்கைச் சுட்டனர். 1944இலே இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முதலிய சிலர், விலங்கிலிருந்து வரும் எதனையும் உண்ணாத நெறிக்கு 'வீகன்' என்று பெயரிட்டுச் சங்கமும் அமைத்தனர். நமது சைவம் பாலையும் நெய்யையும் விலக்குவதில்லை. ஆகையால் இரண்டும் ஒன்றென்று சொல்லுதல் பிழை. ஆனால் பால் ஒவ்வாத குழந்தையும் உண்டு. கன்றின் பங்கைக் கொள்ளேன் என்னும் இளைஞரும் இன்று உண்டு. சேர்க்கும் பொருள் குறையக் குறைய, பந்தியிலே அமர்வோர் தொகை பெருகுகிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பர். ஆதலால் நான் கற்ற முறையையும் சொல்லிவிடுகிறேன். கோதுமை மா 250 கிராம், சீனி 150 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. சீனி தவிர்ந்தவற்றை அரித்து, பிறகு சீனியைக் கலந்துகொள்க. வேறொரு பாத்திரத்திலே கெட்டித் தேங்காய்ப்பால் 120 மில்லிலீற்றர், தோடம்பழச் சாறு 120, தேங்காயெண்ணெய் 80, தேசிக்காய்ச் சாறு 1 மேசைக்கரண்டி. இரண்டு தோடம்பழத்தின் தோலையும் துருவிச் சேர்க்க வேண்டும். மேற்றோலை மட்டுமே துருவுக. மணமெல்லாம் அதிலே உள்ள எண்ணெயில் இருக்கிறது. உள்ளே வெள்ளையாயிருப்பது கசக்கும். பிபிலைத் தோடம்பழம் பழுத்தும் பச்சையாகவே இருக்கும். நிறத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். வெப்பநாட்டு இரவிலே குளிர் போதாமையால் தோலின் பச்சை நீங்குவதில்லை, அவ்வளவே.

முட்டை கேக்கிலே செய்யும் வேலை மூன்று: மாவைப் பிணைக்கும், காற்றைப் பிடித்துப் பொங்கச் செய்யும், எண்ணெயையும் நீரையும் இணக்கும். இங்கே பிணைப்பதற்குக் கோதுமையின் பசையே போதும். பொங்குவதற்குப் புளிப்புச் சாறும் அப்பச்சோடாவும் சேரப் பிறக்கும் கரியமில வாயு இருக்கிறது. இணக்குவதற்குத் தேங்காய்ப்பால் துணைபுரியும். ஆகவே ஈரமானதை உலர்ந்ததிலே ஊற்றியதும், மா மறையும் வரையே கிளற வேண்டும். கட்டி சிறிது இருந்தாலும் பாதகமில்லை. அடித்துக் குழைத்தாற் பசை இறுகிக் கேக்குத் தோலாகும். கலந்தபின் காத்திருந்தால் வாயு வெளியேறிவிடும். பன்னிரண்டு கடதாசிக் கிண்ணங்களிலே முக்காற் பங்கு ஊற்றி, முன்னரே சூடாக்கிய அவணில் 180 பாகை செல்சியசிலே இருபது நிமிடம் சுடுக. ஈர்க்குக் குத்திப் பார்த்தால் ஒட்டாது வரவேண்டும். அவண் இல்லாதார் கனத்த பாத்திரத்திலே மணல் பரப்பி, மூடிச் சூடாக்கி, அதனுள் வைத்துச் சுடலாம். நேரம் சற்றுக் கூடும்.

முதன்முறை நான் சுட்டவை கல்லாயிருந்தன. பாடம் நடத்திய கை அல்லவா, அளவுக்கு மிஞ்சி அடித்துவிட்டது! மூன்றாம் முறையிலே தேறினேன்.

அம்மா 2024இலே காலமானார். அதற்கிடையில் வந்த பிறந்தநாள்கள் சிலவே. அவை ஒவ்வொன்றிலும் நானே சுட்டேன். ஒரே தட்டிலிருந்து எல்லாரும் எடுத்தோம். வாழைப்பழமும் இருந்தது, விரும்பியவர் உண்டனர்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொழும்பின் வகுப்பறைகளிலே சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பௌத்தப் பிள்ளையும் அடுத்தடுத்து அமர்கின்றனர். யாருக்கேனும் பிறந்தநாள் வந்து கேக்குப் பெட்டி திறக்கப்படும்பொழுது, "எனக்கு வேண்டாம், ரீச்சர்" என்று சொல்லும் பிள்ளையொன்று பின்வாங்கிலே இருக்கும். அது சிரித்துக்கொண்டே சொல்லும். அந்தச் சிரிப்பை நம்பி நான் இருபத்தாறு ஆண்டுகளைப் போக்கினேன். நீங்கள் ஒருமுறை அருகிற் சென்று, ஏன் வேண்டாமென்று கேளுங்கள்.