கூட்டுரிமையைக் காப்பது எது?

பல சமூகத்தார் கூடி ஒரு தேசத்தை ஸ்தாபிக்குங்கால், அவர்கள் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கையை அரசியல் சாசனத்தில் பொறித்துவிட்டால் அவர்களுடைய கூட்டுரிமைகளுக்குப் போதிய பாதுகாப்புக் கிட்டிவிடும் என்னும் நம்பிக்கை, சட்டத்துறையில் பழகிய நம்மவரிடையேயும் வேரூன்றி நிற்கிறது. கனடா தேசத்தின் சரித்திரம் அந்நம்பிக்கையை வன்மையாக மறுக்கிறது.

லூயி ரியெலின் தலைமையில், ஆதிகுடியினரும் ஐரோப்பியரும் கலந்த மரபினரான மேத்தி மக்கள் உறுதியுடன் நின்று பெற்ற 1870-ஆம் ஆண்டின் மானிடோபா சட்டம், அம்மாகாணத்துச் சட்டசபையிலும் நியாயஸ்தலங்களிலும் ஆங்கிலத்தோடு பிரெஞ்சு மொழிக்கும் ஸ்தானம் அளித்திருந்தது. பிரெஞ்சு பேசுவோர் சிறுபான்மையினராகிவிட்ட பிறகு, 1890-இல், மாகாணச் சட்டசபை அவ்வுரிமையைப் பறித்தது. அச்செயல் செல்லாதென்று செயின்ட் போனிஃபஸ் கவுண்டி கோர்ட்டு 1892-இலும் 1909-இலும் தீர்ப்பளித்தும், அரசாங்கத்தார் அத்தீர்ப்புகளைப் பொருட்படுத்தவேயில்லை. 1916-இல் இருமொழிப் பள்ளிகளும் ஒழிக்கப்பட்டன. 1979-இல்தான் சுப்ரீம் கோர்ட்டு 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தள்ளிற்று. ஆங்கிலத்தில் மட்டும் இயற்றப்பட்ட மாகாணச் சட்டங்கள் யாவும் செல்லாதவையென்று 1985-இல் அது அறிவித்து, அராஜகம் நேராதிருக்கும்பொருட்டு, அவற்றை இரு மொழிகளிலும் மீண்டும் இயற்றுவதற்கு வேண்டிய காலம் மட்டும் அவை நடைமுறையிலிருக்க அனுமதித்தது. நீதி வென்றது மெய்யே. ஆயினும் இடைப்பட்ட தலைமுறைகள் பள்ளியில் இழந்த தாய்மொழியை எந்தத் தீர்ப்பு மீட்டளிக்கும்?

இந்த அனுபவத்தின் படிப்பினையைப் பிற்காலத்து நியாயாதிபதிகள் நன்கு கிரகித்தனர். போதிய எண்ணிக்கையில் மாணவர் உள்ள இடங்களில், தம் மொழியில் கல்வி பெறும் உரிமையோடு பள்ளியை நிர்வகிக்கும் அதிகாரமும் சிறுபான்மை மொழியினரான பெற்றோரைச் சார்ந்ததென்று, ஆல்பெர்ட்டாவிலிருந்து வந்த மாஹே வழக்கில் 1990-இல் தீர்ப்பாயிற்று. பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் முன்னரே அம்மண்ணில் வாழ்ந்திருந்தும் ஸ்தாபகர் வரிசையில் நெடுங்காலம் சேர்க்கப்படாத ஆதிகுடிகளின் உரிமைகளை 1982-ஆம் ஆண்டுச் சாசனத்தின் 35-ஆவது பிரிவு அங்கீகரித்தது. நிலவுரிமை கோர்ட்டில் நிரூபணமாவதற்கு முன்பேகூட, அதைப் பாதிக்கக்கூடிய காரியங்களில் அரசு அம்மக்களைக் கலந்தாலோசிக்கக் கடமைப்பட்டதென்று 2004-இல் ஹைடா என்னும் ஆதிகுடியினரின் வழக்கு நிலைநாட்டிற்று.

ஆகவே, சாசனங்களை வரையவும் அவற்றின்பேரில் வாதாடவும் பொறுப்பேற்றுள்ள நம் வாசகர்கள், உரிமையின் வாசகத்தை ஆராயும் அதே கவனத்துடன், அதை நடத்தும் ஸ்தாபனம் எவர் கையில் இருக்கிறது, மீறப்பட்டால் பரிகாரம் எத்துணை விரைவில் கிடைக்கும் என்னும் இரண்டையும் ஆராய வேண்டும். இவ்விரண்டும் அமையாத இடத்தில், நாம் வரைந்து கொடுக்கும் சாசனம் பெரும்பான்மையினரின் நல்லெண்ணத்தை நம்பியே நிற்கும். அந்நல்லெண்ணம் பொய்த்துப்போகும் காலத்துக்கென்றே சாசனம் வேண்டியிருக்கிறது.