கடல் தொட்டிப் பாசிக்கு எந்த நத்தை?

'சுற்றுலாப் பயணிகள் தங்கும் அறையில் 200 லிட்டர் கடல் மீன் தொட்டி இருக்கிறது. கண்ணாடியிலும் கல்லிலும் பச்சைப் பாசி படர்கிறது. அதைத் தின்ன எந்த நத்தை விடலாம்? ஓடில்லாத கடல் நத்தையும் பவளமும் வாங்கலாமா?'

- வாசகர், கிளியூர், ஏற்காடு.

நத்தை வாங்கும் முன், பாசி எதைத் தின்று வளர்கிறது என்று பார்க்க வேண்டும். நெல்லுக்கும் காபிக்கும் இடும் தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் பாசிக்கும் தீனி. தொட்டியில் இவை மீன் மிச்சம் வைக்கும் தீவனத்திலிருந்தும் மீன் கழிவிலிருந்தும் சேர்கின்றன. உரமிட்ட தோட்டத்துக் கிணற்று நீரில் உப்பைக் கரைத்தால் அதிலிருந்தும் சேரும். ஆகவே தீவனத்தைக் குறைப்பது, ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பு கலப்பது, வாரம் 10 சதவிகிதம் தண்ணீர் மாற்றுவது, விளக்கை 8 மணி நேரத்தோடு நிறுத்துவது ஆகியவை முதல் வேலை. நீண்டு வளர்ந்த இழைப் பாசியைக் கையால்தான் பிடுங்க வேண்டும். நத்தை பெரும்பாலும் குட்டையான பாசியைத்தான் மேயும். உரத்தைக் கொட்டிக்கொண்டே களையெடுக்கச் சொன்னால் எந்த ஆளாலும் முடியாது; நத்தையும் அப்படித்தான்.

அடுத்தது, எந்த நத்தை என்பது. கண்ணாடியில் படியும் மெல்லிய பாசிக்கு நெரைட் நல்லது. ஆனால் அது தண்ணீரை விட்டு மேலே ஏறும். தொட்டிக்கு மூடி வேண்டும். நன்னீர் நெரைட்டும் கடைகளில் உண்டு என்பதால் கடல் இனம்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். செரித் மணலைக் கிளறி, கல்லிடுக்கிலும் மேயும். டர்போ நிறையத் தின்னும். உருவம் பெரிது, கற்களைத் தள்ளிவிடும். அஸ்ட்ரியா மல்லாந்து விழுந்தால் தானாக நிமிர முடியாமல் செத்துப்போகும். ட்ரோக்கஸ் நிமிர்ந்துகொள்ளும். நசாரியஸ் பாசியைத் தொடாது. மிச்சத் தீவனத்தை மட்டுமே தின்னும். 200 லிட்டருக்கு முதலில் செரித் 6, நெரைட் 4 போதும். ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கூட்டலாம். மேய்ச்சல் நிலத்துக்கு மேல் ஆடு வளர்த்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் நடக்கும். பட்டினியில் சாகும் நத்தை அழுகி, மறுபடி பாசிக்கே உரமாகும்.

ஓடில்லாத கடல் நத்தை சிறு தொட்டிக்கு ஏற்றதல்ல. கடல் முயல் என்னும் இனம் இழைப் பாசியை வேகமாகத் தின்னும். பாசி தீர்ந்ததும் பட்டினி கிடக்கும். மிரண்டால் ஊதா மையைக் கக்கும், மோட்டாரில் உறிஞ்சப்பட்டும் சாகும். பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் நூடிபிராங்க் வகைகள் பாசி தின்பவையே அல்ல. கடற்பஞ்சு, பவளம் போன்ற உயிர்களைத் தின்பவை. பெயரிலும் கவனம் தேவை. கடல் அட்டை என்பது வேறு உயிர். அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

பவளம் வாங்கவே கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001-ல் பாறை கட்டும் பவளங்களும் கடல் அட்டைகளும் சேர்க்கப்பட்டன. 'லைவ் ராக்' என்று விற்கப்படும் பவளக் கல்லுக்கும் இதே ஆபத்து உண்டு. அதே ஆண்டில் ட்ரோக்கஸ் நிலோடிகஸ், டர்போ மார்மரேட்டஸ் என்ற இரண்டு பெரிய நத்தை இனங்களும் சட்டப் பட்டியலில் இடம்பெற்றன. எனவே விற்பவரிடம் அறிவியல் பெயரும் எங்கிருந்து வந்தது என்ற விவரமும் எழுதிய ரசீது வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. ராமேஸ்வரம் போகும்போது பொறுக்கி வரலாம் என்ற நினைப்பும் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. மேலும், கூம்பு வடிவ நத்தைகளில் சில கொட்டினால் உயிரே போகும். பவளத்துக்குப் பதில் பீங்கான் கல் அடுக்கி, பண்ணையில் பொரித்த கோமாளி மீன் விட்டாலே தொட்டி அழகாக இருக்கும். கோமாளி மீன் குஞ்சு உற்பத்தித் தொழில்நுட்பத்தை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் கேட்டு அறியலாம்.

மலையில் இன்னும் மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். காபிக்கும் மிளகுக்கும் அடிக்கும் போர்டோக் கலவையில் மயில்துத்தம் இருக்கிறது. அந்தத் தாமிரம் துளி கலந்தாலும் நத்தை சாகும். மருந்து கலக்கிய வாளியையும் கழுவாத கையையும் தொட்டிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. தாமிரம் உள்ள மீன் மருந்தும் ஆகாது. பனிக்கால இரவில் ஏற்காட்டின் குளிர் 15 டிகிரிக்குக் கீழே போகும். தொட்டிக்கு 25 டிகிரி வேண்டும் என்பதால் ஹீட்டர் அவசியம். புது நத்தையை ஒரேயடியாக உள்ளே போடாமல், தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக அதன் பையில் விட்டு ஒரு மணி நேரம் பழக்க வேண்டும்.

மாற்றி எடுக்கும் 20 லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 700 கிராம் உப்பு இருக்கும். அதைக் காபிச் செடியின் வேரிலோ, கிளியூர் அருவிக்குப் போகும் ஓடையிலோ கொட்டக் கூடாது. வேண்டாத நத்தையையும் ஓடையில் விடக் கூடாது. தோட்டத்துக்கும் ஓடைக்கும் போகாத கழிவுநீர்க் குழிதான் அந்தத் தண்ணீருக்கு இடம்.