மறுபுறம் தாங்கும் கை

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகேயுள்ள மணற்பரப்பில் எடுக்கப்பட்ட ஒளிப்படம் உலகறிந்தது. ஆர்வில் ரைட் வானூர்தியில் குப்புறப் படுத்திருக்கிறார். தமையன் வில்பர் இறக்கையின் அருகே நிற்கிறார். 12 நொடிகளே நீடித்த அப்பயணம் மாந்தரின் நெடுங்கனவை நனவாக்கியது. எனினும், அப்படத்தில் இடம்பெறாத இருவரும் நம் நினைவிற்குரியவர்கள். ஒருவர், ஒளிப்படக் கருவியை இயக்கிய கடற்கரை உயிர்மீட்புப் பணியாளர் ஜான் டேனியல்ஸ். மற்றொருவர், ரைட் உடன்பிறந்தாரின் மிதிவண்டிக் கடையில் பணியாற்றிய சார்லஸ் டெய்லர். ஏறத்தாழ 12 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினை ஆறே வாரங்களில் உருவாக்கியவர் அவர்.

'தன் கையே தனக்கு உதவி' என்பது பழமொழி. அதன் பொருளை நாம் குறுக்கிக்கொள்ளலாகாது. பிறர் உதவியைப் பெறுவதால் தன்முயற்சியின் பெருமை குறைவதில்லை என்பதற்கு, வீட்டிலேயே வானூர்தி கட்டுவோரின் பட்டறைகள் சான்றாகின்றன.

இருவர் செய்யும் வேலை

இன்றும் அமெரிக்காவில் ஆர்வலர் பலர் தம் வீட்டுக் கார்க் கொட்டகையில் வானூர்தி கட்டுகின்றனர். ஓய்வு நேரங்களில் மட்டுமே செய்வதால் இப்பணி பல ஆண்டுகள் நீளும். உலோக வானூர்தியின் தகடுகளை ரிவெட் எனப்படும் தறையாணிகளே பிணைக்கின்றன. ஒருவர் காற்றழுத்தச் சுத்தியலால் ஆணியின் தலையை அடிப்பார். மறுபுறம் மற்றொருவர் கனத்த எஃகுக் கட்டியை ஆணியின் வாலோடு சேர்த்துப் பிடிப்பார். அடியின் விசையால் வால் நசுங்கி விரிந்து தகடுகளை இறுகப் பற்றும். இறக்கையின் பல இடங்களில் ஒருவரது கை இருபுறமும் எட்டாது. இடையே தகடு மறைப்பதால் ஒருவர் முகத்தை மற்றவர் காண்பதும் அரிது. குரல் ஒன்றே இருவரையும் இணைக்கும்.

எஃகுக் கட்டி சற்றே சாய்ந்தாலும் ஆணியின் வால் கோணலாகிவிடும். அதனை முதலில் காண்பவர் மறுபுறம் நிற்கும் நண்பரே. அவர் "சரியாக அமையவில்லை" என்று சொன்னால், ஆணியைத் துளையிட்டு அகற்றிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். நண்பர் மனம் வருந்துவாரோ எனத் தயங்கி அவர் வாய்மூடியிருந்தால், அக்குறை வானில் வெளிப்படக்கூடும். தாங்கும் கையைவிடவும் உண்மை சொல்லும் நாவே நட்பின் பெருங்கொடை.

உதவியும் விலையும்

இத்தகைய வானூர்திகள் குறித்து அமெரிக்கச் சட்டம் வகுத்துள்ள விதி சிந்தனைக்குரியது. கட்டும் பணியின் பெரும்பகுதியை ஆர்வலர்களே, கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ செய்திருக்க வேண்டும். ஆர்வலர் ஒருவராகவும் இருக்கலாம், பலராகவும் இருக்கலாம். ஊதியம் பெறாத நண்பரின் உழைப்பு இக்கணக்கில் சேரும். விலை கொடுத்துச் செய்வித்த வேலை சேராது. ஊதியம் பெறுவது இழிவு என்பது இதன் பொருளன்று. வேலையைச் செய்யும்போது கற்றுக்கொண்டவர் யார் என்பதே இங்கு எழும் வினா.

அவ்வினா நம் வகுப்பறைக்கும் பொருந்தும். செயல்திட்டத்தைக் கடையில் விலைக்கு வாங்கிவந்து தம் பெயரை எழுதி ஒப்படைக்கும் மாணவர், யார் உதவியையும் நாடாதவர்போலத் தோன்றலாம். ஆனால், அவர் கற்றது ஏதுமில்லை. தெரியாததை நண்பரிடம் கேட்டு, பிழையெனச் சுட்டப்பட்டதைப் பிரித்து, மீண்டும் செய்து முடித்தவரே அதனைத் 'தான் செய்தது' எனச் சொல்லும் உரிமை உடையவர்.

அவ்வுரிமையோடு ஒரு கடமையும் உண்டு. உதவியவரின் பெயரை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒளிப்படத்தில் எல்லோருக்கும் இடமிருப்பதில்லை. நன்றியுள்ள நெஞ்சில் இடமுண்டு. நாளை நீங்கள் எதனை உருவாக்கினாலும், மறுபுறம் நின்று தாங்கிய கை யாருடையது என்பதை உலகிற்குச் சொல்லுங்கள்.