அவளுக்கு ஒன்றுமில்லை, எனக்கு மட்டும் ஏன்?



முன்னேஸ்வரத்தில் பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்களோடு பேசும்போது ஒரு கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "எனக்கும் அக்காவுக்கும் நெகட்டிவ் இரத்தம்தான். அவளுக்கு மூன்று பிள்ளைகள். எனக்கு முதல் பிள்ளைக்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. என் ராசிதான் காரணம் என்கிறார்கள்." இடம்பெயர்ந்து வந்த சகோதரிகளிடம்தான் இதைக் கூடுதலாகக் கேட்டேன். ஆகவே இம்மாதம் இதைப் பற்றியே பேசுவோம்.

எங்கள் செங்குருதிக் கலங்களின் மேல் 'றீசஸ் டி' என்றொரு பொருள் இருந்தால் பொசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். இலங்கையில் நூறு பேரில் ஐந்து பேரளவில் நெகட்டிவ். தாய் நெகட்டிவாக இருந்து, பிள்ளை தகப்பனைப் போலப் பொசிட்டிவாக இருந்தால், பிரசவத்தின்போது பிள்ளையின் இரத்தம் சிறிது தாயின் உடலில் கலக்கலாம். தாயின் உடல் அதை அந்நியன் என்று எண்ணிப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். முதற்பிள்ளை அதற்குள் பிறந்துவிடுவதால் பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளை பொசிட்டிவாக இருந்தால், அந்த எதிரிகள் தொப்புள்கொடி வழியே போய்ப் பிள்ளையின் இரத்தத்தை அழிக்கும். கடும் செங்கண்மாரி, உடல் வீக்கம், சிலவேளை மரணம்.

அப்படியானால் அக்காவுக்கு ஏன் ஒன்றும் நடக்கவில்லை? காரணங்கள் பல.

முதலாவது, தகப்பன். அவரும் நெகட்டிவ் என்றால் பிரச்சினையே இல்லை. அவரிடம் 'டி' பரம்பரையலகு ஒன்று மட்டும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் நெகட்டிவாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இரண்டாவது, இரத்த வகை. தாய் ஓ, பிள்ளை ஏ என்று வைத்துக்கொள்வோம். தாயிடம் ஏற்கெனவே உள்ள எதிரிகள் கலந்து வந்த ஏ இரத்தத்தை உடனே அழித்துவிடும். 'டி' கண்ணில் படுமுன்னே வேலை முடிந்துவிடும். தடுப்பூசி இல்லாத காலத்தில், வகை பொருந்திய பொசிட்டிவ் பிள்ளையைப் பெற்ற நெகட்டிவ் தாய்மாரில் நூற்றுக்கு 16 பேரளவில் எதிரிகள் உண்டாகின. பொருந்தாதவர்களில் 2 பேரளவில் மட்டுமே.

மூன்றாவது, எங்கள் நோயெதிர்ப்பே ஆளுக்காள் வேறுபடும். அந்நியப் பொருளை இனங்காட்டும் பரம்பரையலகுகள் உடன்பிறந்தவர்களிடையேகூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலருக்குப் பொசிட்டிவ் இரத்தம் நிறையக் கலந்தாலும் எதிரிகள் உண்டாவதில்லை. சிலருக்குச் சிறு துளியே போதும். உண்டாகும் எதிரிகளின் பலமும் ஒன்றல்ல.

இவற்றில் எதுவும் ராசி அல்ல, பாவமும் அல்ல. பிறக்கும்போதே வந்த அமைப்பு.

1968 முதல் இதற்குத் தடுப்பு உண்டு: அன்ரி-டி ஊசி. பிரசவமாகி 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கருச்சிதைவு, வயிற்றில் அடிபடுதல், இரத்தப் போக்கு ஆகியவற்றின் பின்னும் தேவைப்படலாம். இந்த மருந்து மனிதர் தரும் இரத்தத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. அவுஸ்திரேலியரான ஜேம்ஸ் ஹரிசன் 1954 முதல் 2018 வரை 1,173 தடவை இரத்ததானம் செய்தார். 2025இல் காலமானார்.

முகாமிலோ பங்கரிலோ பிள்ளை பெற்றவர்களுக்கும், ஓடும் வழியில் கரு கலைந்தவர்களுக்கும் இந்த ஊசி யார் போட்டிருப்பார்கள்? ஆகவே நெகட்டிவ் இரத்தமுள்ள சகோதரி அடுத்த முறை கிளினிக் போகும்போது பழைய பிரசவங்கள், கலைந்த கருக்கள், ஏற்றிய இரத்தம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பேசத் துயரமாக இருந்தால் கொப்பியில் எழுதிக் கொடுங்கள்.

எதிரிகள் ஏற்கெனவே உண்டாகியிருந்தால் ஊசி பலன் தராது. ஆனாலும் கைவிட வேண்டாம். இரத்தப் பரிசோதனையாலும் ஸ்கானாலும் பிள்ளையைக் கண்காணிக்கலாம். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கே இரத்தம் ஏற்றலாம் என்று நியூசிலாந்து வைத்தியர் லைலி 1963இலேயே காட்டிவிட்டார். கர்ப்பம் என்று தெரிந்த உடனேயே போவதுதான் முக்கியம்.

வயதுக்கு வந்த மகள்மாரின் இரத்த வகையையும் இப்போதே அறிந்து, பிறப்புச் சான்றிதழோடு எழுதி வையுங்கள்.