கதையை விளையாட்டாக்கல்

2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள் ‘டீமன் ஸ்லேயர்’ என்னும் ஜப்பானிய அனிமேப் படமொன்று தமிழும் பேசிக்கொண்டு நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. அதன் பின்னர்ச் சில நாள்வரை, ஆவடியினின்றும் அம்பத்தூரினின்றும் மின்சார ரயிலேறி வரும் நம் மாணவரிடையே தேர்வைப் பற்றிய பேச்சுங்கூட அடங்கிவிட்டது. வழியெல்லாம் தஞ்சிரோவும் நெசுக்கோவுமே. யாமும் அப்பேச்சிற் கலந்துகொண்டோம் என்பதை மறைப்பானேன்? தமிழ் ஆனர்ஸ் பயில்வோர்க்கு இஃது ஏற்ற பொருளோ என ஐயுறுவாரும் உளர். ஒரு கதை தன் வடிவத்தை விட்டு மற்றொரு வடிவத்திற் புகுங்கால் எதனைக் கொண்டு செல்கிறது, எதனை வாயிலிலே விட்டுச் செல்கிறது என்பது தமிழ் மாணாக்கர்க்கு அயலான வினா அன்று. கதையை விளையாட்டாக்கும் முயற்சி இந்நாளில் அவ்வினாவையே புதிதாய் எழுப்புகின்றது.

கதையை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். கரி சுட்டு விற்கும் குடியிற் பிறந்த தஞ்சிரோ, கரி விற்கச் சென்று ஓரிரவு வெளியே தங்கி மறுநாள் வீடு திரும்புகையில், தன் குடும்பத்தார் அரக்கன் கையில் மாண்டு கிடக்கக் காண்கிறான். உயிர் எஞ்சிய தங்கை நெசுக்கோவும் அரக்கியாக மாறிவிடுகிறாள். அவளை மீண்டும் மனிதப் பிறவியாக்கும் வழி தேடி, ஒரு மரப்பெட்டியில் அவளை இட்டு முதுகிற் சுமந்து அலைகிறான். கோயோஹாரு கொட்டோகே 2016 முதல் 2020 வரை வெளியிட்ட இச்சித்திரக் கதையை, யூஃபோடேபிள் என்னும் நிலையத்தார் 2019இல் 26 பகுதிகளையுடைய அனிமேத் தொடராக்கினர்.

அதன் வாள்வீச்சின் அழகை உலகம் அறியும். எமக்குப் பெரிதாய்த் தோன்றுவது பிறிதொன்று. இக்கதையில் வரும் அரக்கர் முன்னாளில் மனிதராயிருந்தவர்கள். உடலெங்கும் கைகள் முளைத்த அரக்கனொருவன் தலை துணிக்கப்பட்டு அழியும் வேளையில், தமையன் கையைப் பற்றிக்கொள்ள ஏங்கிய சிறு பிள்ளையாய்த் தன்னை நினைவுகூர்கிறான். அவனை வெட்டிய தஞ்சிரோவே அக்கையைப் பற்றி அவனுக்காக வேண்டுதல் செய்கிறான். பின்னர் நாட்டகுமோ மலையில் ருயி என்பவன் மாய்ந்தொழிய, எஞ்சிய ஆடையை மிதித்து நின்ற மூத்த வீரனை நோக்கிக் காலை எடுக்கும்படி கேட்பவனும் அச்சிறுவனே. பகைவரையும் நேசிக்கக் கற்பிக்கும் மறையில் வளர்ந்த எமக்கு, புத்த நாட்டுக் கதையொன்றில் இதனைக் கண்டபோது உண்டான வியப்பு இன்னும் நீங்கவில்லை.

நிற்க. இத்தொடரை விளையாட்டாக்கியோர் ஃபுக்குவோக்கா நகரத்துச் சைபர்கனெக்ட் டூ நிறுவனத்தார். நருட்டோ தொடரைப் பல்லாண்டுகளாக விளையாட்டாக்கித் தேர்ந்தவர்கள். 2021 அக்டோபரில் பிளேஸ்டேஷன் முதலிய கன்சோல்களுக்கு வெளியான அவ்விளையாட்டு, தொடரின் முதற்பருவத்தையும் அதனையடுத்த ரயில் வண்டிக் கதையையும் தன்னுள் அடக்கியது. வண்ணத்திற் குறை கூறுவதற்கில்லை. தண்ணீர் அலையாய்ச் சுழலும் வாள்வீச்சைத் தொடரிற் கண்டவாறே திரையிற் காணலாம். ஆயினும் அதன் எலும்புக்கூடு அரங்கச் சண்டையே. ஒருவனுக்கொருவன் நின்று பொருவதே முதன்மை. இடையிடையே சிறு தெருக்களிலும் காட்டுப் பாதைகளிலும் நடக்க விடுகிறார்கள். வாசனையைக் கொண்டு அரக்கரை அறியும் தஞ்சிரோவின் ஆற்றல் அந்நடையில் ஓரளவு பயன்படுகிறது. வழியிற் கிடக்கும் நினைவுத் துணுக்குகளைப் பொறுக்கினால், கதையின் சில நிகழ்ச்சிகள் அசையாப் படங்களாய் வந்து போகும். அலைந்து தேடும் ஒரு பயணக் கதையை மல்யுத்தக் களரியாக்கி, பயணத்தை இரு சண்டைகளுக்கு நடுவே உள்ள தாழ்வாரமாக்கிவிட்டனர் என்பதே எம் குறை. சாகச விளையாட்டாக அமைந்திருக்க வேண்டிய கதை இது.

இக்குறை எமக்கு ஏட்டுப் படிப்பால் உண்டானதன்று. ஆவடியில் எம் நண்பர் ஒருவரது இல்லத்தில் அவர் தம்பி, பத்து வயதினன், இவ்விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். தொடரில் அக்கையரக்கன் மாயும் காட்சியைக் கண்டு விம்மி அழுதவன் அவனே என்று அவன் தாயார் எம்மிடம் முன்னரே சொல்லியிருந்தார். அன்று அவன் அவ்வரக்கனை வென்றான். பொத்தான்களை உரிய நொடியில் அழுத்தித் தலையைத் துணித்தான். உடனே அரக்கனின் பழங்கதை ஓடத் தொடங்கிற்று. பிள்ளை ஒரு பொத்தானை அழுத்தி அதனைத் தாண்டி அடுத்த சண்டைக்குப் போய்விட்டான். “ஏன் தம்பி?” என்றோம். “அதுல நான் பண்றதுக்கு ஒண்ணுமில்லையே, அண்ணா” என்றான்.

அவன் கூறியது முற்றும் உண்மை. விளையாட்டில் ஆடுவோன் கைக்குத் தரப்பட்ட செயலே அவ்விளையாட்டின் பொருள். ஏனையவெல்லாம் ஓரத்தில் ஒட்டிய படங்கள். வெட்டுவதைக் கைக்குத் தந்து, இரங்குவதைக் கண்ணுக்கு மட்டும் தந்தால், பிள்ளை வெட்டுவதையே கற்பான். இதனால் அவன் கொடியவனாகிவிடுவான் என்று அஞ்சுவாரோடு யாம் சேரோம். அரக்கரும் வாளும் கிறிஸ்தவ இல்லத்திற்கு ஆகா என்று எம் உறவினர் சிலர் கூறுவதும் எமக்கு உடன்பாடன்று. பனியனின் நூலிலே அப்பொல்லியோனோடு வாட்போர் இல்லையா? எம் கவலை வேறு. ஒரு நல்ல கதையின் உயிர்நிலையை அறிந்து அழுத பிள்ளைக்கு, அதே கதை மறுமுறை வந்தபோது அவ்வுயிர்நிலை தாண்டத்தக்கதொரு தடையாய்த் தோன்றிற்று.

பனியனைக் குறித்தமையால் ஒன்று சொல்லத் துணிகின்றோம். 1678இல் வெளிவந்த அவரது பயண நூலை நம் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகமாக்கி 1894இல் வெளியிட்டார். அவர் செய்தது வரிக்கு வரி பெயர்த்தலா? அன்று. உரைநடைக் கதையைக் காப்பியமாக்கும்போது, ‘காப்பியத்திற்கு உரியது யாது’ என்று கேட்டுப் பருவமும் படலமும் வகுத்தார். அதனோடு அமையாது, மூலத்திலே பயணி சிலுவையைக் கண்டு சுமை நீங்கும் சிறு நிகழ்ச்சி இருக்க, தம் காப்பியத்தில் கிறிஸ்துவின் பாடுகளையே விரித்துப் பாடினார். கதையின் இதயம் எதுவென்று கண்டு, புதிய வடிவத்தில் அவ்விதயத்திற்கே பேரிடம் தந்தார். மூலத்தை அப்படியே படியெடுப்பதே உண்மையான பற்று என எண்ணும் விளையாட்டு வல்லுநர் இதனைக் கருதுவாராக.

தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் நடைபெறும் பாரதக் கூத்தும் எமக்கு நினைவுக்கு வருகின்றது. படுகளத்தன்று களிமண்ணாற் செய்த பேருருவத் துரியோதனனைக் கிடத்தி, அவன் வீழ்ச்சியை நடிப்பர். அவனை வீழ்த்தியதோடு விழா முடிந்துவிடுவதில்லை; அவனுக்காக அழும் புலம்பலும் உண்டு. கொடியோனுக்கும் ஓர் அழுகை வேண்டும் என்பதை நம் முன்னோர் பார்க்க மட்டும் வைக்கவில்லை. செய்தற்குரிய சடங்காகவே வைத்தனர்.

கன்சோலில் இஃது இயலாது என்பார்க்கு விடை உண்டு. 2005இல் ஜப்பானிலேயே தோன்றிய ‘ஷேடோ ஆஃப் தி கொலோஸஸ்’ என்னும் விளையாட்டில் பதினாறு பேருருவங்களை ஒவ்வொன்றாய் வீழ்த்த வேண்டும். ஒவ்வொன்று விழும்போதும் வெற்றி முழக்கம் கேட்பதில்லை, இரங்கல் இசையே கேட்கும். ஆடுவோன் தன் கையையே ஐயுறத் தொடங்குவான். இனி நம் தமிழுக்கு வருவோம். கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றி டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனத்தார் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’வில் வாளே இல்லை. தாய் எழுதித் தந்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்க, அதனை ஊகித்து இட்டலி அவிக்க வேண்டும். தட்டுகளை எம்முறையில் அடுக்குவது என்று நாமே தடுமாறும் அந்நொடியில், தாய்நாட்டைப் பிரிந்தாள் ஒருத்தியின் ஏக்கம் நம் விரல்களுக்கு வந்துவிடுகிறது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது, முதற்படைப்புக்குரிய வகையில், இதற்குக் கிடைத்தது. இட்டலித் தட்டால் இயலுமெனில் வாளால் ஏன் இயலாது?

மற்றொரு தடையும் உண்டு, அது கடினமானது. 2009இல் ஐதராபாத்தில் ஆக்கப்பெற்றுச் சோனி நிறுவனத்தாரால் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கு வெளியிடப்பட்ட ‘ஹனுமான்: பாய் வாரியர்’ விளையாட்டை இந்துக்களுள் சிலர் எதிர்த்தனர். வணங்கத்தக்கவரை ஒரு பொத்தானால் ஆட்டிவைப்பதா என்பதே அவர்தம் வினா. அவ்வினாவை யாம் நகைத்து ஒதுக்கமாட்டோம். எம் ஆண்டவரைக் கன்ட்ரோலரில் ஆட்டிவைக்க எமக்கும் மனம் ஒவ்வாது. ஆதலின் எல்லாக் கதையும் விளையாட்டாகத் தக்கதன்று என்றே கொள்கின்றோம். ஆடுவோன் தன்னை வைத்துப் பார்க்கத் தக்க நாயகன் வேண்டும். பனியனின் பயணி அத்தகையன். கரி விற்கும் தஞ்சிரோவும் அத்தகையனே.

அவ்விளையாட்டை எம்மிடம் ஒப்படைத்தால் (ஒருவரும் ஒப்படையார்; எமக்குக் கணினி நிரல் ஒருவரியும் எழுதத் தெரியாது) யாம் செய்வன சில. பெட்டியின் சுமை நடையிற் புலப்பட வேண்டும். வெயில் ஏறுமுன் நிழல் தேடும் பொறுப்பு ஆடுவோனுடையதாக வேண்டும். வாசனையைத் தொடரும் வழி நீளவேண்டும், சண்டைகள் குறையவேண்டும். அரக்கன் வீழ்ந்தபின் படம் ஓடவேண்டுவதில்லை. திரை அமைதியாக நிற்க, வாளை உறையிலிடவும் அக்கையைப் பற்றவும் பொத்தானை ஆடுவோனே அழுத்திப் பிடித்திருக்கட்டும். விட்டுவிட்டுப் போக விரும்பினால் போகலாம். அரக்கன் தனியே சாம்பலாவான், தண்டனை எதுவும் இல்லை.

இதனை அத்தம்பியிடம் மறுநாளே விளக்கிக் கூறினோம். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் எண்ணினான்.

“எவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், அண்ணா?” என்றான்.