பட்டி பூசாதீங்க, வெட்டி எடுங்க!

நாற்பது வருஷம் தாண்டின காருக்கு வருடாந்திர பரிசோதனை கட்டாயம் இல்லைன்னு 2018 மே மாசம் பிரிட்டன்ல ஒரு விதி வந்துச்சு. பழைய கார் பைத்தியங்கள் நிறைய பேர் இதைக் கொண்டாடுறாங்க. நானும் அந்தப் பைத்தியக் கூட்டத்துல ஒருத்தன்தான். ஆனா என்னைக் கேட்டா, இது சலுகை இல்லை மக்களே, சொந்த செலவுல சூனியம். அதுவும் இத்தாலிக் கார் வச்சிருக்கிறவனுக்கு டபுள் சூனியம். ஏன்னு கொஞ்சம் விளக்கமா புலம்பறேன், பொறுமையா படிங்க.

முதல்ல நம்ம வண்டியைப் பத்தி. பொட்டி தட்டிப் பொழைக்கிறது இங்கிலாந்துல, பர்மிங்காம் பக்கம். போன வருஷம் வாங்கினது 1979ல பதிவான ஃபியட் எக்ஸ் 1/9. "இது என்ன, கணக்குப் பாடத்துல வர்ற பின்னம் மாதிரி ஒரு பேரு?"ன்னு தங்கமணி கேட்டாங்க. பேரு அப்படித்தான், ஆனா ஆளு ஷோக்கு. லம்போர்கினி மியூராவையும் கவுன்ட்டாக்கையும் வரைஞ்ச மார்ச்செல்லோ காந்தினிதான், பெர்ட்டோனே கம்பெனியில இருந்தப்போ இதையும் வரைஞ்சார். 1972ல வந்து 1989 வரைக்கும் தயாரிச்சாங்க. ரெண்டே சீட்டு, சீட்டுக்குப் பின்னாடி என்ஜின், கூரையைக் கழட்டி முன்னாடி இருக்கிற டிக்கியில படுக்க வச்சுட்டு வெயில்ல போகலாம். லம்போர்கினி வாங்க வக்கில்லாதவனுக்கு இத்தாலிக்காரன் போட்ட பிச்சை :-)

ஃபியட் மேல எனக்கு ஏன் இந்தப் பாசம்னு தனியா சொல்லணுமா என்ன? நம்ம ஊர்ல ஓடின பிரீமியர் பத்மினி, ஃபியட் 1100ஐ லைசென்ஸ் வாங்கித் தயாரிச்சதுதானே. எங்க அப்பா தலைமுறைக்கு 'ஃபியட்டு'ன்னாலே அந்த வண்டிதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எழுபதுகள்ல வந்த இத்தாலிக் கார்னு சொன்னாலே பிரிட்டிஷ்காரன் அடுத்த வார்த்தையா சொல்றது "துரு". காரணமா ஒரு கதையும் சொல்லுவான். 1966ல ஃபியட், சோவியத் யூனியனோட ஒப்பந்தம் போட்டு தொல்யாட்டியில ஒரு கார் தொழிற்சாலை கட்டிக் கொடுத்துச்சு. ஃபியட் 124ஐ வச்சு லாடா வந்தது அங்கிருந்துதான். இது வரைக்கும் உண்மை. அதுக்கு விலையா ரஷ்யாக்காரன் மட்டமான இரும்பைக் கொடுத்தான், அந்த இரும்புலதான் எல்லா இத்தாலிக் காரும் செஞ்சாங்க, அதான் உளுத்துப் போச்சு - இதுதான் கதையோட மீதி. கேக்க சுவாரசியமா இருக்கு, ஆனா எனக்கு நம்பிக்கை இல்லை. அதே காலத்து இங்கிலாந்துக் காரும் ஜப்பான் காரும்கூட இதே ஊர்ல துரு ஏறித்தானே செத்துச்சு? அவங்களுக்கு யாரு ரஷ்ய இரும்பு வித்தது?

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு மேல வச்சு அடியில படுத்துப் பாத்தா நிஜக் காரணம் தெரியும். தண்ணி வெளியே போற குழாய் சின்னது, இலை தழை விழுந்தா அடைச்சுக்கும். ரெண்டு தகடு சேர்ற மடிப்புக்குள்ள பெயிண்ட் போய்ச் சேரலை. மூடின பெட்டி மாதிரி இருக்கிற பகுதிக்குள்ள மெழுகு அடிக்கலை. அக்டோபர் வந்தா ரோட்டுல உப்பைக் கொட்டுற ஊருக்கு இது போதாது. உப்பு தானா துருவை உண்டாக்காது. ஆனா தண்ணியில கரைஞ்சு மின்சாரம் நல்லா கடத்துற கரைசலாகி, இரும்பு அரிக்கிற வேகத்தைக் கூட்டி விட்டுடும். துரு இரும்பை விட பல மடங்கு அதிக இடத்தை அடைக்கும். அதனால மடிப்புக்குள்ள வீங்கி தகட்டைப் பிளக்கும், பிளந்த இடத்துல இன்னும் தண்ணி போகும். எழுதினவனே மறந்துபோன ஒரு ரிகர்சிவ் ஃபங்க்ஷன், நிறுத்துற கண்டிஷன் மட்டும் இல்லை.

இதுக்குப் பெரிய உதாரணம் லான்சியா பீட்டா. என்ஜினைத் தாங்குற சப்ஃபிரேம் மாட்டுற இடத்துல துருன்னு 1980ல பிரிட்டன்ல பெரிய களேபரம் ஆச்சு. பத்திரிகைகள் கிழிச்சுத் தொங்கவிட, கம்பெனியே வித்த வண்டிகளைத் திரும்ப வாங்கிக்க வேண்டியதாப் போச்சு. பட்ட அடியில இருந்து அந்தப் பேர் இங்கே எழவே இல்லை. 1994ல லான்சியா பிரிட்டனை விட்டே கிளம்பிடுச்சு. இத்தனைக்கும் பீட்டா ஓட்ட அருமையான வண்டின்னுதான் எல்லாரும் சொன்னாங்க. கண்ணுக்குத் தெரியாத ஒரு இடத்துத் தகடு ஒரு கம்பெனியோட மானத்தை வாங்கிருச்சு.

கண்ணுக்குத் தெரியாத இடம். என்னோட மொத்த வாதமும் இந்த மூணு வார்த்தைதான்.

என் வண்டியை வாங்கும்போதே துரு இருக்குன்னு தெரியும். விலையும் அதுக்குத் தகுந்த மாதிரிதான். வெளியில சிவப்புப் பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு. பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார், ரிட்டையர் ஆன வெல்டர் (இனிமே வெல்டிங் தாத்தா). அவர் சின்ன சுத்தியலை எடுத்துக்கிட்டு அடியில போய் தட்ட ஆரம்பிச்சார். நல்ல இரும்பு 'டிங்'னும். தாத்தா தட்டத் தட்ட 'டிங், டிங், டிங், தொப்'. அந்தத் 'தொப்' வந்த இடம், கதவுக்குக் கீழே நீளமா ஓடுற பெட்டி, சில்னு சொல்லுவாங்க. இடது பக்கம். ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்தினா உள்ளே போயிடுச்சு. கிரைண்டர்ல பெயிண்டை எடுத்துப் பாத்தா, எந்தக் காலத்துலயோ யாரோ ஃபைபர் துணியை ஒட்டி, மேல பட்டி பூசி, தேய்ச்சு வழவழன்னு ஆக்கி, கறுப்பு தார் அடிச்சு வச்சிருந்தாங்க. நம்ம ஊர் டிங்கரிங் கடைக்காரர் பாத்திருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பார், அப்படி ஒரு வேலைப்பாடு.

அந்த இடத்துல இருந்து ஒரு ஜாண் தூரத்துலதான் இடது சீட்டோட பெல்ட் மாட்டுற போல்ட் இருக்கு. இந்த ஊர்ல இடது சீட்டுல யாரு உக்காருவாங்க? தங்கமணி.

சாஃப்ட்வேர் மக்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, பட்டி பூசுறதுங்கிறது கேட்ச் பிளாக்கை காலியா விட்டு எக்ஸெப்ஷனை முழுங்குற வேலை. டெமோவுல எல்லாம் சூப்பரா ஓடும். தப்பு நடந்ததே தெரியாது, தெரியுற அன்னிக்கு ரொம்ப லேட்டா இருக்கும். என்ன, நம்ம புரோகிராம் கவுந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். இது கவுந்தா போன் வேற இடத்துல இருந்து வரும்.

இப்ப அந்தப் பரிசோதனைக்கு வர்றேன். பேரு எம்.ஓ.டி. இதுல துருவைப் பத்தி தெளிவான விதி இருக்கு. சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் மாதிரி முக்கியமான பாகம் மாட்டுற இடத்துல இருந்து 30 செ.மீ. சுற்றளவுல பலத்தைக் குறைக்கிற அளவு துரு இருந்தா ஃபெயில். அங்கே பட்டியோ ஃபைபரோ வச்சு ஒட்டினா அது ரிப்பேரே இல்லை. புதுத் தகடு வச்சு, விளிம்பு முழுக்க இடைவெளி விடாம வெல்டு வைக்கணும். என் வண்டியை ஒழுங்கான ஒரு டெஸ்டர் பாத்திருந்தா அன்னிக்கே ஓரங்கட்டியிருப்பார். ஆனா 2019லயே அதுக்கு நாற்பது வயசு ஆயிடுச்சே? பெருசா எதையும் மாத்தலைன்னு ஒரு அறிவிப்பு கொடுத்தா போதும், யாரும் அடியில எட்டிப் பாக்காம நேரா மோட்டார்வேயில ஏறலாம். வண்டி சரியா இருக்க வேண்டிய பொறுப்பு ஓனரோடதுன்னு சட்டம் சொல்லுது. சரி, ஓனருக்கு எக்ஸ்ரே கண்ணா இருக்கு?

இதுல செம காமெடி ஒண்ணு இருக்கு. இந்தப் பரிசோதனையை 1960ல ஆரம்பிச்சதே பத்து வருஷம் தாண்டின பழைய வண்டிகளுக்காகத்தான். பழசுதான் ஆபத்துன்னு ஆரம்பிச்ச ஒரு விஷயத்துல இருந்து, ரொம்பப் பழசை மட்டும் விட்டுட்டாங்க. ஐரோப்பாவுல மத்தவங்க என்ன பண்றாங்க? ஜெர்மனியில முப்பது வருஷம் ஆன வண்டிக்குத் தனி நம்பர் பிளேட் உண்டு, ஆனா ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை நிச்சயம். இந்த வண்டிகள் பொறந்த வீடான இத்தாலியிலயே சேகரிப்புக் கார்னு பதிவு செஞ்சா ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை காட்டியாகணும். பெத்தவனுக்குத் தெரியாதா புள்ளையோட லட்சணம்?

எதிர்வாதம் இல்லாம இல்லை. ஒண்ணு, பழைய கார் வச்சிருக்கிறவங்க அதைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிறாங்க, வருஷத்துக்குக் கொஞ்ச தூரம்தான் ஓட்டுறாங்க. நிஜம்தான். ஆனா சும்மா நிக்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், பிரேக் பிஸ்டன் இறுகிக்கும், ரப்பர் வெடிக்கும். அப்புறம், கண்ணுல வச்சுப் பாக்கிறவங்க பாக்கிறது கண்ணுக்குத் தெரியிற இடத்தைத்தான். ரெண்டு, இந்தக் காலத்து டெஸ்டருக்கு பழைய வண்டி தெரியாது, லேப்டாப்பை எங்கே சொருகறதுன்னு தேடுவார். இதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா துருவைக் கண்டுபிடிக்க லேப்டாப் வேண்டாம், ஜாக்கியும் டார்ச்சும் தட்டிப் பாக்க ஒரு கருவியும் போதும். மூணு, செலவு. கட்டணம் 55 பவுண்டுக்குள்ள. அந்த வண்டிக்கு நாம வாங்குற பாலீஷ் டப்பா செலவு அதை விட ஜாஸ்தி சாமி.

அதனால நாங்க என்ன பண்ணினோம்? பெயிண்டைத் தொடவே இல்லை. பேட்டரியைக் கழட்டி, பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வச்சு, தீயணைப்பான் ஒண்ணை பக்கத்துல வச்சுக்கிட்டு வேலையை ஆரம்பிச்சோம். கூரை இல்லாத காருக்கு சில்தான் முதுகெலும்பு. அப்படியே வெட்டினா நடுவுல வளைஞ்சு கதவு மூடாமப் போயிடும். அதனால முதல்ல கதவு வாசல்ல குறுக்குக் கம்பி வச்சுத் தாங்கினோம். அப்புறம் பளபளன்னு நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டினோம். "போதும்னு தோணுற இடத்துல இருந்து இன்னும் ஒரு இன்ச் வெட்டு" - இது தாத்தா வாக்கு. புதுத் தகடு, வெல்டு, துத்தநாக ப்ரைமர், மடிப்புக்கு சீலர், கடைசியா மூடின பகுதிக்குள்ள ஓட்டை வழியா மெழுகு. முன்னாடி ரேடியேட்டர்ல இருந்து பின்னாடி என்ஜினுக்குத் தண்ணி போற இரும்புக் குழாயும் துருதான், அதையும் மாத்தினோம். பதினாலு சனிக்கிழமை ஆச்சு. முடிச்சப்புறம் வெளியில இருந்து பாத்தா வண்டியில ஒரு மாற்றமும் தெரியாது! "இதுக்கா மூணு மாசத்துக்கு மேல வீட்டுப் பக்கம் வராம இருந்தீங்க?"ன்னு தங்கமணி கேட்டதுல நியாயம் இருக்கு.

சட்டப்படி தேவையே இல்லாத எம்.ஓ.டிக்கு நானே கொண்டு போய் விட்டேன். பிரேக் ஹோஸ் ஒண்ணுல வெடிப்பு இருக்குன்னு ஃபெயில் பண்ணார் டெஸ்டர். நானும் தாத்தாவும் துருவையே தேடிக்கிட்டு இருந்தோம், மூணாவது ஆளுதான் ரப்பரைப் பாத்தார். மாத்திட்டு மறுபடி போனேன், பாஸ். வேற ஒருத்தர் கண்ணால பாக்கணும்னு நான் கத்துறது இதுக்குத்தான். நம்ம கோடை நாமே ரிவ்யூ பண்ணி நாமே அப்ரூவ் பண்றதை எந்த டீம்லயாவது விடுவாங்களா?

பட்டியை மட்டும் பூசிட்டு வண்டியைக் கண்காட்சியில நிறுத்தி வேடிக்கை காட்டுறவங்க காட்டிக்கட்டும், அது அவங்க இஷ்டம். ஆனா ஓட்டத்தான் வாங்கினீங்கன்னா, காசையும் நேரத்தையும் அடியில இருந்து மேல செலவு பண்ணுங்க. முதல்ல சில், தரை, பெல்ட் மாட்டுற இடம், பிரேக். மிச்சம் இருந்தா பெயிண்ட். இல்லாட்டி கீறலோடயே ஓட்டுங்க, ஒண்ணும் குடி முழுகிடாது. ரோட்டுல உப்பு போடுறதை நிறுத்தி ரெண்டு நல்ல மழை பேஞ்சு கழுவினப்புறம் வெளியே எடுங்க. அக்டோபர்ல காத்தோட்டமான இடத்துல உள்ளே விடுங்க, பிளாஸ்டிக் உறை மட்டும் போட்டு மூடிடாதீங்க, உள்ளேயே வியர்த்து மறுபடி துரு ஏறும். வருஷத்துக்கு ஒரு தடவை, யாரும் கேக்காமலே, ஒரு டெஸ்டர்கிட்ட காட்டுங்க.

இங்கிலாந்துல வெயில் காலம்ங்கிறது எண்ணிப் பதினஞ்சு நாள். அதுல மழை பெய்யாத நாள் எட்டு :-) அந்த எட்டு நாளும் கூரையைக் கழட்டிட்டு, பக்கத்து சீட்டுல ஆளை உக்கார வச்சுக்கிட்டு, பயமில்லாம ஓட்டணும். அவ்ளோதான் மேட்டர்.

டிஸ்கி: வெல்டிங் தாத்தாவுக்கு கூலியா ஒரு பைசா வாங்க மறுத்துட்டார். பதினாலு சனிக்கிழமையும் மதியம் தங்கமணி செஞ்ச எலுமிச்சை சாதம்தான் சம்பளம். இப்ப அவர் வீட்டு ஜன்னல்லயும் கறிவேப்பிலைச் செடி இருக்கு!